சூட்கேஸில் இடம் இல்லாத பெட்டி

1

எங்கள் ஊர் மாத்தளையில் அம்மன் கோவில் தேர் புறப்பட்டபோது இங்கே காலை ஏழரை மணி. ஜெர்மனியின் வடக்கே, பனி உருகித் தெருவெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு சனிக்கிழமை. போனைப் பால் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் பாணுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே நேரலை பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே படம் பிடிக்கிறார். பாதி நேரம் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரிந்தது. இருந்தாலும் கும்பிட்டேன். பன்னிரண்டு வருடமாக அம்மனை இப்படித்தான் கும்பிட்டு வருகிறேன்.

மகள் அபி பள்ளி நாடக ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று பறந்துகொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து பாலை இறக்குகிறேன் என்று பாதியைக் கீழே கொட்டினாள். "ஏன்டி இப்படி அவசரப்படுற?" என்றாள் என் மனைவி சுமதி. அபி துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே ஜெர்மன் மொழியில் சொன்னாள்: "தெரியும், தெரியும், செல்வம் மாமா ஆகிடக் கூடாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சுமதியும் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் இது பழகிப்போன பேச்சு. சைக்கிளை வேகமாக விட்டால், பரீட்சைத் தாளைத் திருப்பிப் பார்க்காமல் கொடுத்துவிட்டு வந்தால், 'செல்வம் மாமா'. அவர் என் தங்கை ரஞ்சியின் கணவர். அலுவிகாரைக்குப் போகிற வழியில் மிளகாய், மிளகு, சரக்குத்தூள் அரைக்கிற சின்ன மில் ஒன்று வைத்திருந்தார். நாலு வருடத்துக்கு முன், இதே தேர் நாட்களில், மில்லுக்குள் தூள் தீப்பிடித்து வெடித்தது. இப்போது அவருடைய இரண்டு கைகளிலும் விரல்கள் மடங்காது. முகத்தின் இடப்பக்கத்துத் தோல் கழுத்தோடு இழுத்துக்கொண்டு நிற்கும். நான் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய பாதுகாப்புப் பெட்டி வந்து சேரும்வரை பொறுக்காமல், சென்சரை அவரே அவசரப்பட்டு மாட்டிவிட்டார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அபிக்கு மாமாவைப் பற்றித் தெரிந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கதை பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செல்வம், மற்றவன் நான்.

2

ஊரில் என்னைப் பற்றிக் கேட்டால் 'ஜெர்மன்ல பெரிய இன்ஜினியர்' என்பார்கள். நான் செய்வது சென்சர் தெரிவு செய்து கொடுக்கும் வேலை. ஒரு குழாயின் வால்வு மூடியிருக்கிறதா, ஒரு தொட்டியின் கதவுத் தகடு முழுதாக வந்து சேர்ந்துவிட்டதா என்று, ஆள் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் இருந்து சொல்லும் சின்னச் சாமான் அது. விரல் நீளம்தான் இருக்கும். சாதாரண இடம் என்றால் எதையாவது எடுத்துப் பூட்டிவிடலாம். எங்கள் நிறுவனத்துக்கு வருவதெல்லாம் வெடிக்கக்கூடிய இடங்கள்: பெயின்ட் தொழிற்சாலை, மாவு ஆலை, மாட்டுத் தீவன ஆலை.

மாவு வெடிக்கும் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். மூட்டையில் இருக்கும்வரை அது சாதுவான சாமான்தான். மூடின அறைக்குள் காற்றில் பரவி மிதக்கும்போது ஒரு பொறி போதும். மிளகாய்த்தூளும் அப்படியே, கறுவாத்தூளும் அப்படியே.

அதனால் சென்சர் கேட்டு வருபவரிடம் நான் வரிசையாகக் கேள்வி கேட்பேன். அங்கே இருப்பது வாயுவா, தூளா? எப்போதும் மிதக்குமா, எப்போதாவதா? எத்தனை சூட்டில் பற்றும்? சாமானின் மேல் தூள் படிந்து போர்வை மாதிரி மூடினால் அது எவ்வளவு சூடாகும்? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகுதான் எந்த வகை என்று முடிவு செய்வோம். ஒரு வகை, தூள் உள்ளே போகாதபடி கெட்டியாக அடைத்துச் செய்தது. இன்னொரு வகை, பொறி வந்தாலும் எதையும் பற்றவைக்கச் சக்தி இல்லாத அளவுக்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுப்பது. இந்த இரண்டாவதுதான் உசத்தி. நீல நிற வயரோடு வரும். ஆனால் மின்சாரத்தைக் குறைப்பது அந்தச் சென்சர் இல்லை, தூள் இல்லாத வேறு அறையில் மாட்டுகிற ஒரு தடுப்புப் பெட்டி. அந்தப் பெட்டி இல்லாமல் சென்சர் மட்டும் இருந்தால், அதன் மேல் குத்தியிருக்கும் முத்திரைக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஹோல்கர், என் மேலாளர். முதல் மாதம் அவர் "புரிந்ததா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் நம்மூர் வழக்கப்படி தலையை இரு பக்கமும் ஆட்டுவேன். அவர் இல்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொல்வார். நாலு தடவை சொல்லிவிட்டு, "உனக்குக் கழுத்து வலியா?" என்று கேட்டார். அதனால் தடுப்புப் பெட்டி இல்லாமல் மாட்டக் கூடாது என்பதை நான் மற்றவர்களைவிட நாலு மடங்கு கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

3

விபத்துக்கு முந்திய ஆண்டு லீவில் ஊருக்குப் போயிருந்தபோது செல்வத்தின் மில்லைப் பார்த்தேன். மேலே ஒரு புனல் தொட்டி, அதன் அடியில் இழுத்து மூடும் தகடு. தகடு மூடியிருந்தால்தான் மோட்டர் கிளம்ப வேண்டும், ஓடத் தொடங்கிய பிறகே தகட்டை மெல்லத் திறப்பார்கள், இல்லாவிட்டால் மிளகாய் மொத்தமாக விழுந்து அரைவையை அடைத்துவிடும். அதற்காகத் தகட்டின் ஓரத்தில் ஒரு பழைய சுவிட்ச். மூடி உடைந்து போயிருந்தது. தகடு மூடும்போதெல்லாம் உள்ளே நீலமாக ஒரு பொறி மின்னுவதைப் பார்த்தேன்.

"மாப்புள, இது ஆபத்து. கழட்டிப் போடுங்க. நான் நல்லதா ஒண்ணு அனுப்புறேன்" என்றேன்.

"எட்டு வருசமா ஓடுது மச்சான்" என்று சிரித்தார். பிறகு, "நீங்க சொன்னாச் சரிதான். அனுப்புங்க" என்றார். ரஞ்சி பக்கத்தில் நின்று மிளகாய்த்தூள் பைக்கட்டுகளுக்கு வாய் ஒட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் தன் புருஷனுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து அவள் முகத்தில் ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்காகத்தான் நான் உசத்தியான வகையைத் தெரிந்தெடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அடைத்துச் செய்த முதல் வகையை அனுப்பியிருந்தால், தனிப் பெட்டி எதுவும் வேண்டியிருக்காது. செல்வம் வயரைக் கொடுத்து ஓட்டியிருப்பார். என் கண்ணுக்கு அது சாதாரணமாகத் தெரிந்தது. ஜெர்மனியிலிருந்து அனுப்புவது ஜெர்மனியில் மாட்டுவது போல இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

நான் ஜெர்மனி திரும்பிய பிறகு, இங்கிருந்து கண்டிக்காரர் ஒருவர் ஊருக்குப் போனார். அவருடைய சூட்கேஸில் எனக்கு நாலு கிலோ இடம் கொடுத்தார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த நாலு கிலோவின் அருமை தெரியும். அவருடைய வீட்டு நடையில், ஆள் நிறை பார்க்கும் தராசில் என் பையை வைத்தோம். கூடிவிட்டது. ஒன்றை எடுக்க வேண்டும். உள்ளே சென்சர், தடுப்புப் பெட்டி, அதற்கு மின்சாரம் கொடுக்கும் கனமான இன்னொரு பெட்டி, பிறகு சொக்லட். பக்கத்து வீட்டுக்கு, செல்வத்தின் அக்காவுக்கு, ரஞ்சியின் சிநேகிதிக்கு என்று பேர் எழுதி ஒட்டிய சொக்லட். அதில் ஒன்று குறைந்தாலும் 'எங்களை மறந்துட்டாரு' என்று பேச்சு வரும், அதைக் கேட்க வேண்டியவள் ரஞ்சி. பெட்டிகளை யாரும் கேட்கப் போவதில்லை. நான் பெட்டிகள் இரண்டையும் வெளியே எடுத்தேன். திங்கட்கிழமை தபாலில் போட்டுவிடலாம் என்று சொன்னேன்.

4

சென்சர் போய்ச் சேர்ந்தது. சொக்லட்டும் போய்ச் சேர்ந்தது. தபாலில் போட்ட பெட்டிகள் ஊர்ச் சுங்கத்தில் நின்றுவிட்டன. மின் சாதனம் என்றால் அது என்ன, எதற்கு, யார் பயன்படுத்துவது என்று கடிதம் வேண்டுமாம். கடிதம் எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். மூலப் பிரதி வேண்டும் என்றார்கள். அனுப்பினேன். கையெழுத்து இருக்கிறது, முத்திரை இல்லை என்றார்கள். ஜெர்மனியில் தனி ஆளுக்கு முத்திரை எங்கே இருக்கிறது? கடைசியில் ஹோல்கரிடம் கேட்டு நிறுவன முத்திரையைக் குத்தி மறுபடி அனுப்பினேன்.

அதற்குள் தேர் நெருங்கிவிட்டது. தேர்க்காலத்தில் ஊரெல்லாம் சமையல், செல்வத்துக்குச் சரக்குத்தூள் ஓடர் குவியும். நான் ஆபத்து என்று சொன்னதால், சென்சர் கைக்கு வந்ததுமே அவர் பழைய சுவிட்சைக் கழற்றி எறிந்திருந்தார். ஒரு புதன்கிழமை மதியம் நான் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் இருந்தபோது போன் எடுத்தார்.

"மச்சான், அந்தப் பெட்டி எப்ப வரும்னு தெரியல. இதுல ரெண்டு வயர்தானே இருக்கு. நேரா குடுத்து ஓட்டலாமா? தேர் முடியிற வரைக்கும்தான்."

இல்லை என்பதுதான் பதில். எனக்கு எதிரே ஹோல்கர் உட்கார்ந்து ஆப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் இல்லை என்றிருப்பார், ஆப்பிளைக்கூடக் கீழே வைத்திருக்க மாட்டார். இங்குள்ளவர்களுக்கு அந்தச் சொல் சுலபம். நான் பெண் கொடுத்த வீட்டுக்காரன். தங்கையின் புருஷன் வாய்விட்டு ஒன்று கேட்டு, அதற்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கல்யாணத்தில் இருந்தே அவர் எதுவும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான். பெட்டியை அனுப்பாமல் சொக்லட்டை அனுப்பியவன் நான் என்ற வெட்கம் வேறு.

"ரெண்டு மூணு நாளைக்குன்னா பரவால்ல மாப்புள. பாத்து ஓட்டுங்க" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரி" என்றார். அவ்வளவுதான். அரை நிமிடப் பேச்சு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வெடித்தது. ரஞ்சி தேத்தண்ணி ஊற்ற வீட்டுக்குள் போயிருந்தாள். மில்லில் அவர் மட்டும், தொட்டிக்குள் கையை விட்டு மிளகாயைத் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு வந்து பார்த்தவர்கள், மோட்டர் சூடாகியிருக்கலாம், அரைவையில் கல் விழுந்து பொறி வந்திருக்கலாம், வயராகவும் இருக்கலாம், எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளின் படத்தை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கல் என்ற சொல்லைத்தான் தேடித் தேடிப் பார்ப்பேன்.

கண்டி ஆஸ்பத்திரியில் மூன்றாவது வாரம் அவர் பேசும் நிலைக்கு வந்தார். ரஞ்சி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கட்டு, ஒரு கண் மட்டும் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க பெட்டி வரட்டும்னு சொன்னீங்க. நான்தான் பொறுக்காம மாட்டிட்டேன் மச்சான்."

அந்த ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு விளங்கியது. "சரி மாப்புள, ஒடம்பப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தப் புதன்கிழமையைவிட இதுதான் என்னைக் கூனிக் குறுக வைக்கிறது.

5

அதற்குப் பத்து நாள் கழித்துப் பெட்டிகள் வந்தன. ரஞ்சி மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. தடுப்புப் பெட்டியை வீட்டு முன்னறை ஷோகேஸில், அபியின் குழந்தைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டுவாள்.

"பாருங்க, எங்கண்ணன் எவ்வளவு யோசிச்சு அனுப்பியிருக்காரு. இந்த மனுசன் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா கை ரெண்டும் இருந்திருக்கும்."

ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுவோம். அவள் வேறொரு மில்லில் அரைத்து வாங்கிய தூளைப் பைக்கட் போட்டு விற்றுக் குடும்பம் நடத்துகிறாள். புருஷனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே என்னிடம் பேசுவாள், பேச்சுக்கு நடுவில் அவரைத் திட்டுவாள். "வாயத் தெறங்க. இதுக்கு மட்டும் பொறுமையா இருங்க." அவர் வாயைத் திறப்பார். என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். பின்னால் ஷோகேஸில் பெட்டி தெரியும்.

அவரை இங்கே வரவழைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று இரண்டு தடவை விசாவுக்கு எழுதிப் போட்டேன். திரும்பிப் போவார் என்பதற்கு ஆதாரம் போதாது என்று இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். முதல் படிவத்தில் விபத்தின் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதிலும் நான் 'தவறான பொருத்தல்' என்றுதான் எழுதினேன்.

அந்தத் தேர்ச் சனிக்கிழமை, அபி ஒத்திகைக்கு ஓடிய பிறகு, எனக்குப் பாண் இறங்கவில்லை. மாமாவின் முகத்தை நேரில் பார்த்த நினைவுகூட இல்லாத பிள்ளை அவர் பேரைச் சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கக் கற்றுக் கொடுத்தவன் நான். சுமதியிடம் முதலில் சொன்னேன். அவள் பால் போத்தலில் சாய்ந்திருந்த போனை எடுத்து என்னிடம் நீட்டி, "ரஞ்சிக்குப் போன் போடுங்க" என்றாள்.

போட்டேன். தேர் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், நெற்றியில் குங்குமம். சொக்லட்டில் இருந்து தொடங்கி, புதன்கிழமைப் போன்வரை எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை கேட்டார், நான்தான் மாட்டச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் அவர் எனக்காகப் பொய் சொன்னார் என்றேன்.

போன் அவள் மடியில் விழுந்திருக்க வேண்டும். கூரையும், மெதுவாகச் சுற்றுகிற காற்றாடியும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் லைன் அறுந்துவிட்டது.

6

மறுநாள் செல்வம் எடுத்தார். ரஞ்சி கடைக்குப் போயிருக்கிறாள் என்றார். போனை ஏதோ ஒரு டின்னில் சாய்த்து வைத்து, மணிக்கட்டால் தொட்டுத் தொட்டு எப்படியோ அழைத்திருக்கிறார். முதன்முறையாக என்மேல் அவருக்குக் கோபம் வந்திருந்தது.

"எதுக்கு மச்சான் சொன்னீங்க?"

"நீங்க எத்தன நாளைக்கு மாப்புள பேச்சு வாங்குவீங்க?"

"என்னையத் திட்டுனா எனக்கு என்ன தேஞ்சா போச்சு? ஒங்களக் காப்பாத்தன்னா நெனச்சீங்க நான் சொன்னத? அவளுக்குக் கூடப் பொறந்தது நீங்க ஒரு ஆளுதான். அண்ணன் இருக்காரு, அவரு சொன்னா தப்பாகாதுன்னு ஒரு தைரியத்துல இருந்தா. நட்டம் எங் கையோட போயிருக்கும். இப்ப அந்தத் தைரியத்தையும் எடுத்துட்டீங்க."

சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கியதும் அது அவள் தலையில் போய் உட்காரும் என்று நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான் அழைத்தால் மணி அடித்து அடங்கும். அபியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் தமிழில், தட்டுத் தடுமாறி, "மாமாகிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்" என்றாள். எந்த வீட்டிலாவது பிள்ளைகள் கேட்க வேண்டிய மன்னிப்பா அது?

வேலையில் ஒரு தீவன ஆலைக்குச் சென்சர் கேட்டிருந்தார்கள். புனல் தொட்டி, அடியில் தகடு, மாவுத்தூசி. செல்வத்தின் மில்லேதான், உயரம் மட்டும் பத்து மடங்கு. நான் அடைத்துச் செய்த வகையை எழுதிக் கொடுத்தேன். ஹோல்கர் தாளைப் பார்த்துவிட்டு, "நீ எப்போதும் நீல வயர் ஆளாயிற்றே. ஏன் இது?" என்றார்.

"இதற்குத் தனிப் பெட்டி வேண்டாம். நடுவில் யாராவது போன் எடுத்து, பெட்டி இல்லாமல் ஓட்டலாமா என்று கேட்டால் என்னால் இல்லை என்று சொல்ல முடியாது" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தூளையும் சூட்டையும் கேட்கிற படிவத்தில், சாமானைப் பூட்டப் போகிற மனிதர் யார், அவருக்கு அவசரம் வருமா, அவர் உனக்கு என்ன உறவு என்று கேட்கக் கட்டம் இல்லை.

நாலாவது ஞாயிறு ரஞ்சியே அழைத்தாள். வழக்கம்போல அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் தானாகவே வாயைத் திறந்தார், அவள் தானாகவே ஊட்டினாள். இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சும் இல்லை. ஷோகேஸில் அபியின் படம் இருந்தது. பக்கத்தில் பெட்டி இல்லை. அதை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

"சாப்புட்டீங்களா அண்ணே?" என்றாள்.

"சாப்புட்டேம்மா."

கொஞ்ச நேரம் பீங்கானில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"நாலு வருசமா இவரத் திட்டித் திட்டித்தான் நான் அழாம இருந்தேன். இப்ப இவரையும் திட்ட முடியல. வீடே சத்தமில்லாமக் கெடக்கு. நான் யாரத் திட்டுறது?"

"என்னையத் திட்டும்மா" என்றேன்.

அவள் அடுத்த வாய்ச் சோற்றை உருட்டி அவருக்கு ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள்.

"நீங்கதான் ரொம்பத் தூரத்துல இருக்கீங்களே அண்ணே" என்றாள்.